மணலைப் பிழிந்து எண்ணெய் – ஊருக்கு என்ன கிடைத்தது?



போன செமஸ்டரில் ஒரு நாள். தெர்மல் லேபில் பாய்லர் முன்னால் வரிசையாக நின்று ரீடிங் எடுத்துக் கொண்டிருந்தோம். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே அதற்கும் மேலே. பக்கத்தில் நின்ற நண்பன் காதோடு கேட்டான்: "ஏண்டா, ஊரே சாஃப்ட்வேர் பக்கம் ஓடுது. நாம இந்த ஆவியை அளந்துகிட்டு நிக்கிறோமே, இதனால எவனுக்காவது சோறு கிடைக்குமா?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு லைப்ரரியில் படித்தபோதுதான் ஆவியையும் வெந்நீரையும் நம்பியே ஒரு நகரம் பிழைத்துக் கொண்டிருக்கிற கதை கிடைத்தது. கனடா நாட்டில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடக்கே, குளிர்காலத்தில் சைபருக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும் காட்டுக்குள் இருக்கிறது அந்த ஊர். பெயர் ஃபோர்ட் மெக்மரே. அங்கே நடப்பது எண்ணெய் மணல் தொழில்.

சாமர்த்தியசாலியை "மணலையே கயிறாத் திரிப்பான்" என்று நம்ம ஊரில் சொல்வோம். இவர்கள் மணலிலிருந்து எண்ணெயையே எடுத்து விட்டார்கள். எப்படி எடுத்தார்கள், அதனால் அரசுக்கு என்ன, தொழிலாளிக்கு என்ன, அந்த மண்ணின் மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலா, எண்ணெயா?

எண்ணெய் என்றதும் துளை போட்டவுடன் பீய்ச்சி அடிக்கும் கிணறுதான் நம் கண் முன் வரும். இது அப்படி இல்லை. மணல், களிமண், தண்ணீர், இவற்றோடு ஒட்டிக் கிடக்கும் பிட்டுமென் என்ற கெட்டியான கரிய பொருள். ரோடு போடும் தாரை நினைத்துக் கொள்ளுங்கள், அதன் உடன்பிறப்புதான் இது. தோண்டி எடுக்கிற மண்ணில் எடைக்கு எடை பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் பிட்டுமென். ஒரு பீப்பாய் எண்ணெய், அதாவது 159 லிட்டர் எடுக்க ஏறத்தாழ இரண்டு டன் மணலைக் கழுவியாக வேண்டும்!

அதபாஸ்கா, கோல்டு லேக், பீஸ் ரிவர் என்ற மூன்று பகுதிகளிலும் சேர்ந்து இந்த மணல் சுமார் 1,42,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. இதை விட நம் தமிழ்நாடே சிறியது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். எடுக்கக் கூடியது என்று கணக்கிட்டிருப்பது சுமார் 16,000 கோடி பீப்பாய். இப்போது நாள் ஒன்றுக்கு 30 இலட்சம் பீப்பாய்க்கு மேல் எடுக்கிறார்கள்.

இந்தத் தார் அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்குப் புதிதல்ல. அதபாஸ்கா நதிக்கரையில் கசிந்த தாரைக் கொண்டு தங்கள் படகுகளின் ஓட்டையை அடைத்து வந்தார்கள். 1780களில் அந்தப் பக்கம் போன ஐரோப்பிய வணிகர்களும் இதைப் பார்த்து எழுதி வைத்தார்கள். ஆனால் பார்த்ததற்கும் பயன்படுத்தியதற்கும் நடுவில் சுமார் 180 ஆண்டுகள் ஓடிவிட்டன. காரணம், மணலையும் தாரையும் பிரிக்க வழி தெரியவில்லை.

வெந்நீர் காட்டிய வழி

வழி கண்டவர் கார்ல் கிளார்க் என்ற ஆராய்ச்சியாளர். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மாகாண அரசின் ஆராய்ச்சிக் குழுவுக்காக 1920களில் இதில் இறங்கினார். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தில் எண்ணெய் மணலைப் போட்டுச் சோதித்தார் என்று கூட சொல்வார்கள். வெந்நீரும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், பிட்டுமென் நுரையாக மேலே மிதக்கும். அவ்வளவுதான் தத்துவம்! 1929ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் சுரங்கங்களில் நடப்பது அடிப்படையில் இதேதான். பாத்திரம்தான் பெரிதாகி இருக்கிறது.

ஆனாலும் முதல் பெரிய ஆலை 1967 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. கிரேட் கனடியன் ஆயில் சாண்ட்ஸ் என்ற அந்தக் கம்பெனியின் இன்றைய பெயர் சன்கோர். நாளுக்கு 45,000 பீப்பாய் அதன் கொள்ளளவு. நெய்வேலியில் நாம் பார்த்த பக்கெட் வீல் மாதிரி இயந்திரங்களைத்தான் அங்கேயும் இறக்கினார்கள். குளிர்காலத்தில் மணல் பாறையாய் உறைந்து, வாளியின் பற்கள் எல்லாம் தேய்ந்து போயின. கார்ல் கிளார்க் இந்தத் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1966 டிசம்பரில் காலமாகிவிட்டார்.

அடுத்த ஆலை சின்க்ரூட். கட்டிக் கொண்டிருக்கும் போதே செலவு எகிறியது. 1974 டிசம்பரில் பங்குதாரர்களில் ஒருவர் கழன்று கொண்டார். திட்டம் அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். 1975 பிப்ரவரியில் வின்னிபெக் நகரில் பேச்சுவார்த்தை நடத்தி, கனடா மத்திய அரசு 15 சதவீதம், ஆல்பர்ட்டா 10 சதவீதம், ஒண்டாரியோ 5 சதவீதம் என்று பங்கு வாங்கித் தூக்கி நிறுத்தினார்கள். 1978ல் ஆலை ஓட ஆரம்பித்தது.

இன்னொரு விஷயம். இந்த மணலில் மேலாகக் கிடந்து தோண்டி எடுக்கக் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் ஆழத்தில். அதை எடுக்கும் முறையை யோசித்தவர் ரோஜர் பட்லர் என்ற பொறியாளர். ஒன்றன் மேல் ஒன்றாக, சுமார் ஐந்து மீட்டர் இடைவெளியில், படுக்கை வாட்டில் இரண்டு குழாய்க் கிணறுகள். மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்தினால் பிட்டுமென் இளகி, புவியீர்ப்பால் கீழ்க் கிணற்றுக்கு வடியும். அங்கிருந்து மேலே இறைக்க வேண்டியதுதான். இதைச் சோதித்துப் பார்க்க 1980களில் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டிச் சோதனைக் கூடம் அமைத்தது, 1974ல் ஆல்பர்ட்டா அரசு தொடங்கிய ஒரு பொது நிறுவனம். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இரண்டு முதல் நான்கு பீப்பாய் வரை தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அந்த ஆவிக்கு எத்தனை பாய்லர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்!

இதையெல்லாம் ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், தனியார் பணம் மட்டும் இதைச் செய்யவில்லை. ஆராய்ச்சி, துணிச்சல், கஷ்ட காலத்தில் கைகொடுத்தது ஆகிய மூன்றிலும் பொதுமக்களின் வரிப்பணம் இருக்கிறது. ஆகவே பலனிலும் பொதுமக்கள் பங்கு கேட்பது நியாயம்தானே?

ராயல்டி என்னும் கணக்கு

ஆல்பர்ட்டாவில் மண்ணுக்கு அடியில் இருப்பதில் பெரும்பகுதி மாகாண அரசுக்குச் சொந்தம். கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்துத் தோண்டுகின்றன. அதற்கு ராயல்டி கட்ட வேண்டும்.

இதன் கணக்கு நாம் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று. ஒரு கம்பெனி ஆயிரம் கோடி டாலர் போட்டு ஆலை கட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். போட்ட பணமும் அதற்கென்று அனுமதித்த வட்டியும் திரும்பி வரும் வரை ராயல்டி குறைவு, மொத்த வருவாயில் 1 முதல் 9 சதவீதம் வரை. முதல் திரும்பிய பிறகு, செலவு போக மிஞ்சும் நிகர வருவாயில் 25 முதல் 40 சதவீதம் வரை கட்ட வேண்டும். எண்ணெய் விலை ஏற ஏற விகிதமும் ஏறும். "முதலில் நீ காலூன்று, பிறகு எனக்குக் கொடு" என்கிற ஏற்பாடு. 1997ல் தொடங்கிய இம்முறை 2009ல் இந்த வடிவத்துக்கு மாற்றப்பட்டது.

பலன்? 2022-23 நிதியாண்டில் எண்ணெய் மணல் ராயல்டி மட்டும் 1,600 கோடி கனடா டாலரைத் தாண்டியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாவற்றுக்கும் போகும் அரசுக் கஜானாவில் அது சேர்ந்தது. கனடாவிலேயே மாகாண விற்பனை வரி இல்லாத ஒரே மாகாணம் ஆல்பர்ட்டாதான் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆனால் இதே ராயல்டி 2015-16ல் சுமார் 120 கோடி டாலர்தான். அந்த நேரம் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து கிடந்தது. ஒரே மணல், ஒரே இயந்திரம், விலை மட்டும் மாறியது. வருமானம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே! இப்படி ஏறி இறங்கும் காசை நல்ல காலத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்றுதான் 1976ல் பீட்டர் லாஹீட் முதல்வராக இருந்தபோது ஹெரிடேஜ் ஃபண்ட் என்ற சேமிப்பு நிதியை ஆரம்பித்தார்கள். தொடர்ந்து போட்டார்களா என்றால் இல்லை. 1980களிலேயே போடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்தியும் விட்டார்கள். 2024ல் அதில் இருந்தது சுமார் 2,300 கோடி கனடா டாலர். எண்ணெய்க் காசை 1996 முதல் சேர்க்க ஆரம்பித்த நார்வே நாட்டின் நிதியோ ஒன்றரை இலட்சம் கோடி அமெரிக்க டாலரைத் தாண்டி நிற்கிறது. வருமானம் வேறு, சேமிப்பு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வேலை யாருக்கு?

நண்பர்களே, நமக்குச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டோம்.

அந்தச் சுரங்கங்களில் ஓடும் பெரிய டம்பர் லாரி ஒரு நடைக்கு 363 டன் சுமக்கும். பத்து டன் லாரி முப்பத்தாறு சேர்ந்தால்தான் அந்த ஒரு நடை! டயர் மட்டும் நம்மைப் போல் இரண்டு ஆள் உயரம். இதை ஓட்ட ஆள் வேண்டும், பழுது பார்க்க ஹெவி எக்விப்மென்ட் மெக்கானிக் வேண்டும். மணற்குழம்பு ஓடும் பைப் லைன் உள்ளே அரித்துக் கொண்டே இருக்கும்; அதற்கு வெல்டர், ஃபிட்டர் வேண்டும். பம்ப், மோட்டார், கண்ட்ரோல் ரூம் என்று எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்கள் வேண்டும். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நாட்களில் ஆயிரக்கணக்கில் கூடுதல் ஆட்கள் இறங்குவார்கள். பெரிய பட்டம் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். கையில் தொழில் உள்ளவர்களே அதிகம்.

அந்தத் தொழிலை அந்த ஊரிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். 1965ல் தொழிற்பயிற்சி மையமாகத் தொடங்கியதுதான் இன்றைய கியானோ கல்லூரி. எட்மன்டனில் நெய்ட், கால்கரியில் செய்ட் என்று இரண்டு பாலிடெக்னிக்குகள். அப்ரென்டிஸ் முறையில் ஆண்டில் பெரும்பகுதி வேலைத்தளத்தில், சம்பளத்தோடு. சில வாரங்கள் மட்டும் வகுப்பறை. நாலு வருஷம் இப்படிப் போய்த் தேறினால் கனடா முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ் கையில்.

பாய்லர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பாய்லர் இயக்குபவருக்குப் 'பவர் இன்ஜினியர்' என்று பெயர். ஐந்தாம் வகுப்பில் தொடங்கி முதல் வகுப்பு வரை ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் பரீட்சை, வேலை அனுபவம் இரண்டும் வேண்டும். மேலே போகப் போக பெரிய ஆலையின் பொறுப்பு கைக்கு வரும். நாம் லேபில் கொட்டாவி விட்டுக் கொண்டு படிக்கிற ஆவி அட்டவணைதான் அங்கே குடும்பம் நடத்துகிறது!

இந்த வேலை தூரத்து ஊர்களுக்கும் சோறு போட்டது. கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாண்டில் பல தலைமுறையாகக் காட் மீன் பிடித்துப் பிழைத்தார்கள். மீன் வளம் அற்றுப் போனதால் 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பைத் தடை செய்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் பெட்டியைக் கட்டிக் கொண்டு ஃபோர்ட் மெக்மரே வந்து சேர்ந்தார்கள். நியூஃபவுண்ட்லாண்டின் இரண்டாவது பெரிய ஊர் ஃபோர்ட் மெக்மரேதான் என்று வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு! சிலர் குடும்பத்தோடு குடியேறினார்கள். சிலர் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று விமானத்திலேயே போய் வந்தார்கள். மீன் போன கடற்கரைக் கிராமங்களில் மளிகைக் கடை மூடாமல் இருந்ததற்கு இந்த மணலும் ஒரு காரணம்.

எட்மன்டன் அருகே நிஸ்கு தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் ஆலைக்கான பாகங்களைச் செய்து லாரியில் வடக்கே அனுப்புகிறார்கள். தொலைதூர மாகாணங்களின் பட்டறைகளுக்கும் ஆர்டர் போகிறது.

கூலியிலிருந்து பங்குதாரர் வரை

ஃபோர்ட் மெக்மரேக்கு வடக்கே ஃபோர்ட் மெக்கே என்ற சிற்றூர். கிரீ, டெனே பூர்வகுடி மக்களின் ஊர். சுற்றிலும் சுரங்கம். வேட்டையாடித் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். காட்டை ஒரு பக்கம் சுரங்கம் தின்றது. 1980களில் மேலைநாடுகளில் ரோம ஆடைக்கு எதிர்ப்பு கிளம்பித் தோல் வியாபாரமும் படுத்தது. இரண்டு பக்கமும் அடி.

1986ல் அந்த ஊர் மக்கள் தங்களுக்கென்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். முதலில் கிடைத்தது என்ன வேலை தெரியுமா? ஆலையைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்தம்! அதில் தொடங்கி, மண் வேலை, வாகனம், எரிபொருள் விநியோகம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். 2017ல் ஃபோர்ட் மெக்கே மக்களும் மிக்கிசூ கிரீ மக்களும் சேர்ந்து, சன்கோரின் ஒரு பெரிய எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டி வளாகத்தில் 49 சதவீதப் பங்கைச் சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2022ல் 23 பூர்வகுடி, மெட்டீ சமூகங்கள் ஒன்றுகூடி, ஏழு பைப் லைன்களில் 11.57 சதவீதப் பங்கை 112 கோடி டாலருக்கு வாங்கின. இதற்கு மாகாண அரசின் நிறுவனம் ஒன்று 25 கோடி டாலர் கடன் உத்தரவாதம் கொடுத்தது.

கூலி என்பது வேலை இருக்கும் வரைதான். பங்கு அப்படியல்ல, ஆண்டுதோறும் ஊருக்கு வருமானம் தரும். பெருக்கித் துடைத்தவர்கள் சொந்தக்காரர்கள் ஆக முப்பது ஆண்டு ஆயிற்று. என்றாலும் ஆனார்கள்!

ஊர் வளர்ந்த கதை

1961ல் ஃபோர்ட் மெக்மரேயின் மக்கள் தொகை சுமார் 1,200. 2021ல் சுமார் 68,000. கம்பெனிகள் கட்டும் சொத்துவரிதான் உள்ளாட்சியின் பெரிய வருமானம். மெக்டொனால்டு தீவில் நீச்சல் குளம், பனிச்சறுக்கு அரங்கு, நூலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அதற்குக் கம்பெனிகளும் நன்கொடை கொடுத்தன.

ஆனால் காசு வந்த வேகத்தில் வசதி வரவில்லை. 2000களில் வீட்டு வாடகை பெருநகரங்களை மிஞ்சியது. வடக்கே போகும் 63ஆம் நெடுஞ்சாலை ஒரே ஒற்றைச் சாலை, ராட்சத லாரிகளும் வீடு திரும்பும் அவசரத்தில் கார்களும் அதில்தான். 2012 ஏப்ரலில் ஒரே விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். மக்கள் குரல் எழுப்பிய பிறகு வேலை வேகம் பிடித்து, 2016ல்தான் இரட்டைச் சாலை முடிந்தது.

அதே 2016 மே மாதம் பெரும் காட்டுத் தீ. ஊரே காலி செய்யப்பட்டது, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். சுமார் 2,400 கட்டடங்கள் சாம்பல். அப்போது வடக்கே சுரங்கங்களின் தொழிலாளர் முகாம்கள் கதவைத் திறந்து விட்டு ஆயிரக்கணக்கானோருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தன.

மறைக்கக் கூடாதவை

நன்மையை மட்டும் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும்.

மணலைக் கழுவிய அழுக்குத் தண்ணீரைப் பெரிய குட்டைகளில் தேக்கி வைக்கிறார்கள். இன்று அதன் அளவு ஒரு இலட்சம் கோடி லிட்டருக்கும் மேல். 2008ல் சின்க்ரூடின் ஒரு குட்டையில் இறங்கிய 1,600க்கும் மேற்பட்ட வாத்துகள் செத்தன. கோர்ட்டில் 30 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கேர்ல் சுரங்கத்தில் 2022 மே மாதம் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. 2023 தொடக்கத்தில் மேலும் 53 இலட்சம் லிட்டர் வழிந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம் மீன் பிடித்து, வேட்டையாடி வாழும் பூர்வகுடி மக்களுக்கு ஒன்பது மாதம் வரை முழு விவரம் சொல்லவில்லை. இது சரிதானா? தோண்டிய நிலத்தைத் திரும்பக் காடாக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி முதன்முதலாக 2008ல் சான்றிதழ் பெற்றது 104 ஹெக்டேர் மட்டுமே. கனடா வெளிவிடும் பசுங்குடில் வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தொழிலிலிருந்துதான்.

வேலையும் நிரந்தரம் அல்ல. 2014 கடைசியில் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2018ல் சன்கோர் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் டம்பர்கள் 150க்கு மேல் கொண்டு வருவதாக அறிவித்தது. அதனால் சுமார் 400 வேலை குறையும் என்றும் சொன்னது. ஸ்டியரிங் பிடிக்க மட்டும் தெரிந்தவருக்கு இடம் குறைகிறது. அந்த வண்டியின் சென்சாரையும் ஹைட்ராலிக்கையும் சரிசெய்யத் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

பூமிக்குள் எண்ணெய் கிடப்பதால் மட்டும் ஊர் செழித்துவிடாது. ராயல்டி சட்டம் எழுதியதால் அரசுக்கு வந்தது. பயிற்சிக் கல்லூரி வைத்ததால் உள்ளூர்ப் பிள்ளைக்கு வேலை வந்தது. ஒப்பந்தமும் பங்கும் கேட்டு வாங்கியதால் பூர்வகுடி மக்களுக்கு வந்தது. எங்கே ஏற்பாடு செய்யாமல் விட்டார்களோ, அதாவது சேமிப்பில், சாலையில், கழிவுக் குட்டையில், அங்கே நஷ்டமும் வந்தது. நாளை நம்மில் யாராவது ஒரு பெரிய ஆலையில் வேலைக்குச் சேரும்போது, "எனக்குச் சம்பளம் எவ்வளவு?" என்பதோடு "இந்த ஊருக்கு என்ன கிடைக்குது? கழிவு எங்கே போகுது?" என்றும் கேட்கப் பழகுவோம்.

கடைசியாக, அந்த லேப் நண்பனுக்கு ஒரு வார்த்தை. டேய், ஆவியை அளந்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டாயே, கிடைக்கிறது. ஆனால் சரியாக அளக்கத் தெரிந்தவனுக்குத்தான். அடுத்த பிராக்டிகலுக்கு ரெக்கார்டை நீயே எழுது, என்னுடையதைப் பார்த்துக் காப்பி அடிக்காதே!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை